கையில் எண்ணெய் படாமல் ஒரு டிப்ளமாவா?



நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் ஒரு டிரெயினர் கிட் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் சிலிண்டர் முன்னே போகும், பின்னே வரும். ரீடிங் எடுப்போம். ரெக்கார்டு எழுதுவோம். (உண்மையைச் சொன்னால், முக்கால்வாசிப் பேர் சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதுவோம்!) பாஸ்கல் விதியை நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். ஆனால் அந்தக் கிட்டில் எண்ணெய் மாற்றியதை நம்மில் யாராவது பார்த்தது உண்டா? அதன் பில்டர் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியுமா?

எனக்கும் தெரியாது, போன ஆடி மாதம் வரை.

நம் ஒர்க்‌ஷாப் சார் ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1943-ல் தொடங்கப்பட்ட இந்தப் பிரிவுதான் ராணுவத்தின் லாரி, டாங்கி, பீரங்கி எல்லாவற்றையும் பழுது பார்ப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஐந்து பேரைத் தெரிந்த ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கு அழைத்துப் போனார். அங்கே ராணுவ ஏலத்தில் எடுத்த ஒரு பழைய ரெக்கவரி லாரி நின்றது. சேற்றில் சிக்கிய வண்டியைத் தூக்கும் கிரேன், இழுக்கும் வின்ச் எல்லாம் அதில் உண்டு. பச்சை பெயின்ட் வெளுத்திருந்தாலும் யானை மாதிரி நின்றது.

"ஆயில் மாத்தணும், பில்டர் மாத்தணும். நீங்கதான் செய்யப் போறீங்க" என்றார் சார்.

இவ்வளவுதானா என்று நினைத்தோம். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்த வேலை, முடியும்போது மதியம் மூன்று மணி!

முதலில் ஸ்பேனரையே தொட விடவில்லை. டேங்க் மூடி, பில்டர் தலை, சுற்றுப்புறம் எல்லாவற்றையும் கழுவித் துடைக்கச் சொன்னார். ஒருவன் பனியன் வேஸ்டை எடுத்தான். "அதைப் போடு கீழே! நூல் பிரிஞ்சு உள்ளே போனா வால்வு கதை முடிஞ்சுது" என்று அதட்டினார். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நம் கண் வெறுமனே பார்க்கக்கூடிய தூசி சுமார் 40 மைக்ரான். அந்த பில்டர் பிடிக்க வேண்டியதோ 10 மைக்ரான் தூசியை! அதாவது, பம்பைத் தின்னும் எதிரி நம் கண்ணுக்கே தெரியாதவன்.

பிறகு வண்டியை ஓட்டி, கிரேனை மெதுவாக இயக்கி எண்ணெயை வெதுவெதுப்பாக்கினோம். வெதுவெதுப்பான எண்ணெய்தான் அடியில் இருக்கும் அழுக்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். கிரேனைக் கீழே இறக்கி, சிலிண்டர்களை உள்ளே இழுத்து, இன்ஜினை நிறுத்தினோம். அதன் பிறகும் லீவர்களை இரண்டு பக்கமும் ஆட்டி, லைனில் மிச்சமிருந்த அழுத்தத்தை வெளியேற்றினோம். அப்புறம்தான் டிரெயின் பிளக். வந்த எண்ணெய் பால் காபி நிறம். "தண்ணி கலந்திருக்கு. மூச்சுவிடுற பிரீதரைப் பாருங்க" என்றார் சார். மூடி உடைந்து, மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. இருபது வயது லாரி தன் நோயைத் தானே சொன்னது போல இருந்தது எனக்கு.

கழற்றிய பில்டரையும் தூக்கிப் போட விடவில்லை. அறுத்துப் பிரித்துப் பார்த்தோம். கறுப்பு ரப்பர் துணுக்கு இருந்தால் எங்கோ சீல் கிழிகிறது. மஞ்சளாய் மின்னினால் பம்பின் வெண்கலப் பாகம் தேய்கிறது. டாக்டருக்கு ரத்தப் பரிசோதனை மாதிரி மெக்கானிக்குக்கு பழைய பில்டர்! புது எண்ணெயைக்கூட பாரலிலிருந்து நேராக ஊற்றவில்லை, வடிகட்டித்தான் ஊற்றினோம். கடையில் வாங்கும் புது எண்ணெய் ஹைட்ராலிக்ஸுக்குப் போதுமான அளவு சுத்தம் இல்லையாம். புது பில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிக் கையால் முடுக்கினோம். இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, பளு இல்லாமல் கிரேனை மெல்ல ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, மறுபடி அளவு பார்த்து நிரப்பினோம்.

டீ குடிக்கும்போது சார் சர்வத்ரா பாலத்தைப் பற்றிச் சொன்னார். டாட்ரா லாரிகள் ஐந்து வந்து, ஆளுக்கு 15 மீட்டராக, 75 மீட்டருக்குப் பாலம் போடும். மடித்து வைத்த பாலத்தை விரித்து ஆற்றின் மேல் வைப்பது ஹைட்ராலிக்ஸ்தான். நம் ஆவடியில் செய்த டாங்கி அதன் மேல் போகும். "பாதிப் பாலத்துல வால்வு சிக்கினா பின்னாடி வர்ற படையே நிக்கணும். அப்போ போய் எந்தப் பொடியன் பில்டர் மாத்தலைன்னு தேட முடியுமா?" என்று கேட்டார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

வேலை முடியும் நேரம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஓஸ் ஓரமாய் ஈரம் தெரிந்தது. எங்கே கசிகிறது என்று பார்க்க நான் கையைக் கொண்டு போனேன். சார் என் மணிக்கட்டைத் தட்டிவிட்ட வேகத்தில் ஸ்பேனர் பறந்தது. "லாரி டயர்ல எவ்வளவு காத்து? சுமார் 8 பார். இதுல 200 பார்! ஊசி முனை ஓட்டை போதும், எண்ணெய் தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும். வலிகூடப் பெரிசா இருக்காது. உடனே ஆபரேஷன் பண்ணலேன்னா விரலே போயிடும். அட்டையைப் பிடிச்சுப் பாரு, கையை வைக்காதே!"

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. பயத்தில் அல்ல. என் அப்பாவுக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது.

அப்பா டிப்பர் லாரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஹெல்பர். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, ஓடுகிற வண்டியில் ஓஸைத் தடவிப் பார்த்தார். "எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் அன்று இரவு. சுண்ணாம்பு தடவிக்கொண்டு படுத்தார். மூன்றாம் நாள் விரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். "என் கெட்ட நேரம்" என்றுதான் இன்று வரை சொல்லி வந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நண்பர்களே, அது கெட்ட நேரம் அல்ல! தெரிந்த விஷயம். வண்டியோடு வரும் புத்தகத்தில் எச்சரிக்கையாகப் போடுகிற விஷயம். ஆனால் ஆங்கிலத்தில். அதைப் படிக்கத் தெரிந்தவர் லாரிக்கு அடியில் வருவதில்லை. லாரிக்கு அடியில் படுப்பவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. இந்த இடைவெளியில்தான் என் அப்பாவின் விரல் போனது.

"ஹெல்பர் வேலை பார்க்கவாடா மூணு வருஷம் டிப்ளமா படிக்கிறோம்?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். என் அப்பாவும், "நீயாச்சும் கையில கறை படாத வேலைக்குப் போ, கண்ணு" என்றுதான் ஃபீஸ் கட்டுகிறார். அவர் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாளை சூப்பர்வைசராகி, 'பில்டர் மாற்றப்பட்டது' என்ற தாளில் கையெழுத்துப் போடப் போவது நாம்தானே? ஒரு தடவைகூட மாற்றாதவன் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவான்? வரைபடத்துக்கும் ஸ்பேனருக்கும் நடுவே நிற்க வேண்டியவன் டிப்ளமாக்காரன். அவனும் மேலேயே நின்றுவிட்டால் கீழே இருப்பவருக்கு யார் சொல்வது?

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று: செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணில் ஒரு பங்கு ரெக்கார்டுக்கு இல்லாமல் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு பேட்சும் ஒரு முறையாவது எண்ணெய் இறக்கி, பில்டர் மாற்றி, பழைய பில்டரை அறுத்துப் பார்த்து, கண்டதை எழுத வேண்டும்.

இரண்டு: பழைய எண்ணெயைச் சாக்கடையில் விடுவதையும் கட்டில் காலில் பூசுவதையும் நிறுத்த வேண்டும். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அதை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் தர வேண்டும். நம் கல்லூரியே முன்மாதிரி ஆகட்டும்.

மூன்று: இது நம் பேரவைக்கு. அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் சுவருக்கு வெள்ளையடித்தது போதும். பைபாஸ் ரோட்டில் உள்ள ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் தமிழில் ஒரு தாள் ஒட்டுவோம். நான் எழுதி வைத்திருக்கிறேன், நாலே வரி: 'ஓடும் வண்டியில் ஓஸைக் கையால் தொடாதே. அட்டை பிடித்துப் பார். ஊசி குத்தியது போல் இருந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. எண்ணெய் உள்ளே போய்விட்டது என்று டாக்டரிடம் சொல்.'

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருக்கலாமேடா" என்றார்.

சொல்ல வேண்டியவர்கள் படித்துக்கொண்டிருக்கிறோம், அப்பா. சொல்லிவிடுவோம்.

என்ன நண்பர்களே, சொல்லுவோமா?

- இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை