'நாளை கப்பல் இல்லை': அந்தச் செய்தி எந்த வழியால், எந்த மொழியில் வரும்?

காங்கேசன்துறை – நாகபட்டினம் பயணிகள் கப்பல் சேவை 2023 ஒக்ரோபர் 14 அன்று ஆரம்பமாகி, ஒரு வாரத்துக்குள் நின்றுபோனது. 2024 ஓகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' கப்பலுடன் மீளத் தொடங்கியது. நவம்பரில் சீரற்ற காலநிலையால் மறுபடி நின்று, 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் ஓடியது.

இப்படி நின்று நின்று ஓடும் சேவையை நம்பித்தான் துறைமுகத்தை அண்டிய தங்குமிடங்களும் வாகனக்காரரும் பயண முகவர்களும் தொழில் செய்கிறார்கள். 1990இல் இடம்பெயர்ந்து, உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து காணிகள் துண்டு துண்டாக விடுபட்ட பின் திரும்பி வந்த ஊர் இது. இங்கே ஒரு நாள் பயணம் தவறுவது சின்ன நட்டமல்ல. ஆகவே 'நாளை கப்பல் இல்லை' என்ற செய்தியை வாடிக்கையாளருக்கு எப்படி அனுப்புவது என்பது இந்தச் சிறு தொழில்களுக்கு வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

பலரும் வட்ஸ்அப்பைத் தெரிவு செய்கிறார்கள். செலவு குறைவு, படமும் குரலும் அனுப்பலாம், பதிலும் வரும். ஆனால் அது இணையத்தில் தங்கியிருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3 அன்றும் அரசு அதை முடக்கியது. அந்நாட்களில் சாதாரண குறுந்தகவல் வேலை செய்தது. போர்க்காலத்தில் தொலைபேசி இணைப்பே துண்டிக்கப்பட்டதைக் கண்ட குடாநாட்டு மக்களுக்கு, ஒரே வழியை நம்பியிருப்பதன் ஆபத்தை விளக்கத் தேவையில்லை.

குறுந்தகவலிலும் இரண்டு வகை உண்டு. நிறுவனத்தின் பெயரில் வரும் தகவல் பார்வைக்கு நம்பகமாக இருக்கும். ஆனால் அதற்குப் பதில் அனுப்ப முடியாது. 'எனது பயணம் எப்போது?' என்று கேட்க வேண்டியவருக்கு அது ஒருவழிப் பாதை. சாதாரண இலக்கத்திலிருந்து அனுப்பினால் பதில் வரும்; ஆனால் அதைப் பார்த்துப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இந்தியப் பயணிகளுக்கு இன்னொரு சிக்கல். அங்கே வணிகக் குறுந்தகவல் அனுப்புவோர், தமது பெயரையும் தகவலின் மாதிரியையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். காங்கேசன்துறையிலிருக்கும் சிறு தங்குமிடம் ஒன்றுக்கு அது எளிதான காரியமல்ல. அவர்களுக்கு வட்ஸ்அப்தான் நடைமுறை வழி.

அடுத்தது மொழி. ஆங்கிலத்தில் ஒரு குறுந்தகவலுக்கு 160 எழுத்துகள். தமிழில் 70 இடங்கள் மட்டுமே. நீண்ட தகவல் பகுதிகளாக உடையும்போது ஒரு பகுதிக்கு 67 ஆகிறது. அதிலும் நாம் ஓரெழுத்தாகப் பார்க்கும் 'கா' இரண்டு இடங்களைப் பிடிக்கும். 'காங்கேசன்துறை' என்ற பெயருக்கே 13 இடம் போகிறது. 150 இடங்கள் கொண்ட தகவலுக்கு ஆங்கிலத்தில் ஒன்றின் கட்டணம், தமிழில் மூன்றின் கட்டணம். 'செலவு கூட' என்று சொல்லி தமிழைக் கைவிடுவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

ஆனால் 'நாளை கப்பல் சேவை இல்லை.' என்பதற்கு 23 இடங்களே போதும். வாழ்த்தும் விளம்பரமும் இல்லாமல் எழுதினால், ஒரு தகவலின் கட்டணத்துக்குள் திகதியும் தொடர்பு இலக்கமும்கூட அடங்கும். சுருக்கமாக எழுதத் தெரிந்தால், செலவு என்ற சாட்டு நிற்காது.

1987இல் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச மொழியானது. ஆயினும் 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. புரியாத மொழியில் வரும் செய்தியை மூத்தவர்கள் அயலவரிடம் காட்டித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. வங்கியின் இரகசிய இலக்கமும் அப்படியே அடுத்தவர் கைக்குப் போகிறது. அரசிடம் நாம் கேட்கும் மொழியுரிமையை, நமது கடைகளும் முகவர்களும் தமது வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டாமா?

செய்யக்கூடியது கடினமானதல்ல. அன்றாட உரையாடலுக்கு வட்ஸ்அப். இரத்து, தாமதம் போன்ற அவசரச் செய்திக்குத் தமிழில் சுருக்கமான குறுந்தகவல். அதன் முடிவில், ஒருவர் எடுத்துப் பேசும் தொலைபேசி இலக்கம். இவற்றோடு, அனுமதி தந்தவர்களுக்கு மட்டும் அனுப்பும் ஒழுக்கமும் வேண்டும். பயணிகளின் இலக்கங்கள் கண்டபடி கைமாறக் கூடாது. யார் எங்கே போகிறார் என்ற தகவல் எவ்வளவு பாரதூரமானது என்பதை அனுபவித்து அறிந்த சமூகம் இது.