எர்த்தைக் கழற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

"எர்த்தைக் கயட்டி உட்டுட்டேன் சார், இப்ப மிஷின் சூப்பரா ஓடுது."

போன மாதம் எங்கள் மானாம்பதியில் ஓர் எலெக்ட்ரீஷியன் என்னிடம் சொன்னது இது. பெருமையாகச் சொன்னார். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், ஒரகடத்தில் வேலை பார்த்தவன், கடன் வாங்கி ஒரு சி.என்.சி. ரூட்டர் போட்டிருக்கிறான். தேக்குக் கதவில் மயில், கஜலட்சுமி எல்லாம் அது செதுக்கும். வேலை தொடங்குமுன் மரத்தின் மேல்மட்டம் எங்கே என்று மிஷினுக்குத் தெரியவேண்டும். அதற்குத்தான் டச் ப்ரோப். மரத்தின்மேல் சின்ன உலோகத் தகடு வைப்பார்கள். பிட் மெதுவாக இறங்கித் தகட்டைத் தொட்டதும் மிஷின் உயரத்தைக் குறித்துக்கொள்ளும்.

இவன் மிஷினோ, சில சமயம் அந்தரத்திலேயே "தொட்டுவிட்டேன்" என்று நின்றது. சில சமயம் தொட்ட பிறகும் தெரியாமல் தகட்டையே துளைத்தது. இரண்டு ப்ரோப் மாற்றினான். மூன்றாவதாக வந்த வைத்தியம்தான் மேலே சொன்னது. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் கூட வேலை செய்யும் பையன், "தொட்டா ஜிவ்வுங்குது தாத்தா" என்று என்னிடம் கையைக் காட்டினான்.

நான் இஞ்சினியர் இல்லை, ரிட்டயர்டு குமாஸ்தா. ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் பௌதிக வாத்தியார் இரண்டு சொற்களைக் குழப்பினால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். ஒன்று 'மாஸ்'. ரஜினி படத்து மாஸ் இல்லை. மிஷினின் இரும்பு உடம்பு, சர்க்யூட்டின் பூஜ்யம் இவற்றுக்கு அந்தப் பெயர். இன்னொன்று 'தேர்', அதாவது மண். மிஷினின் உடம்பு வேறு, பூமி வேறு. நம் பட்டறைகளில் இந்த எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'எர்த்து'. வினையே அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கட்சி.

ப்ரோப்புக்கு மண்ணே தேவையில்லை. கன்ட்ரோல் போர்டு தகட்டுக்கு 5 வோல்ட் கொடுக்கிறது. பிட்டிலிருந்து ஒரு ஒயர் போர்டின் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. பிட் தகட்டைத் தொட்டால் 5 வோல்ட் பூஜ்யமாகும், அவ்வளவுதான். இங்கே அந்தத் திரும்பும் ஒயரைப் பிட்டில் மாட்டாமல் மிஷின் பாடியில் மாட்டியிருந்தார்கள். பாடியிலிருந்து பிட்டுக்கு கரன்ட் ஸ்பிண்டில் பேரிங் வழியாகத்தான் போகவேண்டும். அங்கே கிரீஸ் படலம் இருக்கிறது, சில பேரிங்கில் பீங்கான் குண்டு. ஒரு சமயம் தொடும், ஒரு சமயம் தொடாது.

அப்படியானால் எர்த்தைக் கழற்றியதும் ஏன் சரியானது? போர்டின் பூஜ்யம் கம்ப்யூட்டர் வழியாக ஓர் எர்த்துக்கும், பாடி வழியாக இன்னோர் எர்த்துக்கும் போய் ஒரு வளையம் உண்டாகியிருந்தது. ஸ்பிண்டிலை ஓட்டும் டிரைவ் விநாடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பது. அதன் இரைச்சல் அந்த வளையத்தில் சுற்றியது. கழற்றியதும் வளையம் அறுந்தது. ஆனால் டிரைவிலிருந்து கசியும் கரன்ட் போக இடமில்லாமல் பாடியிலேயே நின்றது. அந்தப் பையன் கை வழியாக இறங்கப் பார்த்தது.

செய்யவேண்டியது இதுதான். மிஷினை அணைத்து, மீட்டரை ஓமில் வைத்து, பிட்டுக்கும் போர்டின் பூஜ்யத்துக்கும் நடுவே அளக்கவேண்டும். ஸ்பிண்டிலைக் கையால் சுற்றும்போது அளவு குதித்தால் குற்றவாளி பேரிங். முதலைக் கிளிப்பை நேராகப் பிட்டிலேயே மாட்டி, அதன் ஒயரைத் தனியாகப் போர்டுக்குக் கொண்டுபோகவேண்டும். ப்ரோப் ஒயரும் ஸ்பிண்டில் கேபிளும் ஒட்டி ஓடக்கூடாது. ப்ரோப்புக்கு ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டைப் போர்டு பக்கம் மட்டும் கட்டவேண்டும். பாடி, டிரைவ், கம்ப்யூட்டர் எல்லாவற்றின் பச்சை ஒயரும் ஒரே எர்த் பட்டையில் சேரவேண்டும். பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இவ்வளவையும் செய்தான். எர்த்தும் திரும்ப மாட்டியாயிற்று, ப்ரோப்பும் பொய் சொல்வதை நிறுத்தியது.

"குழி எர்த்து நல்லாத்தான் இருக்குது சார், பல்பு பளிச்சுனு எரியுது பாருங்க" என்றார் அதே எலெக்ட்ரீஷியன். ஊர் முழுக்க இந்தப் பல்பு சாட்சிதான். கணக்குப் போடுங்கள். 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் பல்பின் தடை சுமார் 530 ஓம். குழியின் தடை 50 ஓமாக இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும், பளிச்சென்றுதான் எரியும். ஆனால் நாளைக்கு பேஸ் ஒயர் பாடியில் பட்டால் அந்த 50 ஓம் வழியே ஓடுவது 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. பாடி முழு 230 வோல்ட்டோடு நிற்கும். அதைத் தொடுகிறவன் கதி? பல்புக்குக் கண் கூசும் வெளிச்சம், மனிதனுக்கு இருட்டு.

எர்த்தும் நியூட்ரலும் ஒன்றுதான் என்று இரண்டையும் முறுக்கி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் நியூட்ரல் அறுந்தால் உங்கள் மிஷினின் உடம்பே பேஸ் ஆகிவிடும்.

"இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே?" என்பார்கள். சர்வீஸில் நான் பார்த்த எஸ்டிமேட்டுகளில் எர்த்திங் கடைசி வரியில் இருக்கும், பணம் குறைந்தால் முதலில் அடிபடுவதும் அதுதான். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யார் காசு கொடுப்பார்கள்? இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், கரி, உப்பு, கோடையில் ஒரு குடம் தண்ணீர். அதோடு 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.டி. ஒன்று. டிரைவ் உள்ள மிஷினுக்கு எந்த வகை என்று கேட்டு வாங்கவேண்டும். ஒரு கதவுக் கூலியோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையா?

இங்கே அருகில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலையில் பேர் எழுதத் தகுதி இல்லாதவன் என்கிறது, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன். எர்த் குழிக்கும் அந்தச் சட்டம்தான் வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் காய்ந்த கோடையில், எர்த் மெகர் வைத்து அளந்து, தேதி போட்டுச் சுவரில் எழுதுங்கள். எழுதாத எலெக்ட்ரீஷியனை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

பையன் பட்டறைச் சுவரில் இப்போது சாக்பீஸில் ஒரு தேதியும் ஓர் எண்ணும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இருக்கிறதா?