கிருமிக் கோட்டையும் தயிர்ச் சட்டியும்

சிறுசேரியிலும் தாம்பரத்தையடுத்த குடியிருப்புகளிலும் லாரித் தண்ணீரை நம்பிக் குடித்தனம் நடத்துவோர் ஒன்றறிவார்கள். நிலத்தடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவாமல் சில வாரம் விட்டால், உட்சுவரில் விரல் பட்டதும் வழுக்குகிறது. அவ்வழுவழுப்பு வெறும் அழுக்கன்று. கோடானுகோடிக் கிருமிகள் தாமே சுரந்த பசைக்குள் கூடி வாழும் ஊர். இதற்குக் கிருமிப் படலம் என்று பெயர். விடியற்காலையில் பல்லின்மேல் நாவுக்குத் தட்டுப்படும் பசையும் இவ்வினமே.

ஹாலந்து தேசத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், தம் பல்லழுக்கைச் சுரண்டித் தாமே செய்த பூதக்கண்ணாடியில் நோக்கி, 1683-இல் அதைப்பற்றிக் கடிதம் வரைந்தார். காடியால் வாய் கொப்பளித்தும் பார்த்தார். மேற்புறத்து ஜீவன்கள் மாண்டன; உள்ளே இருந்தவை பிழைத்தன. இன்றைய வைத்தியர்களின் சங்கடமும் அதுவே. சிறுநீர்க் குழாயிலோ செயற்கை மூட்டிலோ படலம் கட்டிவிட்ட கிருமிகளை மருந்து எளிதில் வெல்வதில்லை. அவற்றுட் சில வளர்ச்சியை நிறுத்தி உறங்கிக் கிடப்பதால், வளர்வனவற்றையே தாக்கும் மருந்துக்குத் தப்பிவிடுகின்றன.

கோட்டையைத் தகர்ப்பது கடினமென்றால், பகைவன் வருமுன் அவ்விடத்தில் நல்ல குடிகளை ஏற்றிவிடலாமே! பால் புளிக்கக் காரணமான லாக்டோபாசில்லஸ் இனம் புளிப்பைச் சுரந்து, பிற கிருமிகள் படலம் கட்டுவதைக் குறைப்பதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் கண்ணாடித் தட்டு வேறு, மனித உடம்பு வேறு.

மனித உடம்பில் நல்ல குடியேற்றம் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. படலத்தை அளந்த சோதனையன்று அது; பிறந்த சிசுக்களின் உயிரைப் பற்றியது. பச்சிளம் சிசுவின் இரத்தத்தில் கிருமி பரவினால் ஓரிரு நாளில் உயிர் போய்விடக்கூடும். டாக்டர் பினாகி பாணிக்கிரஹியும் அவர் குழுவினரும் 280-க்கு மேற்பட்ட கிருமி வகைகளை ஆராய்ந்து, குடலில் ஒட்டிக் குடியேறவல்ல லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் வகை ஒன்றைத் தெரிந்தெடுத்தார்கள். அதனுடன், வாழைப்பழத்திலும் வெங்காயத்திலும் உள்ள ஒருவகைச் சர்க்கரையை அதற்கு உணவாகச் சேர்த்து, ஒடிசா கிராமங்களில் ஏழே நாள் புகட்டினார்கள். சோதனையில் சேர்ந்த சிசுக்கள் 4,556. பாதிப்பேருக்கு வெறும் போலி மருந்து. 60 நாளுக்குள் இரத்தத்தில் கிருமி பரவியோ இறந்தோ போனவர்கள் போலி மருந்துண்டோரில் நூற்றுக்கு 9, மற்றவரில் 5.4. இம்முடிவு 2017-இல் வெளியாயிற்று. இத்தனை எளிய பொருளால் இத்தனை பயனா என்று நாம் வியந்தோம்.

“அப்படியானால் குழந்தைக்குத் தயிர்த் தண்ணீர் புகட்டலாமா, ஸார்?” என்று நம் மாணவன் ஒருவன் கேட்டான். கூடவே கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே ஆகாரம். ஒடிசாவில் சேர்க்கப்பட்டவை இரண்டு கிலோவுக்குக் குறையாத, தாய்ப்பால் குடித்துவந்த சிசுக்கள். அமெரிக்காவிலோ, ஒரு கிலோவுக்கும் குறைவாய்ப் பிறந்த குறைமாதச் சிசு ஒன்று, நல்லதென்று புகட்டிய கிருமியே இரத்தத்தில் பரவி இறந்தது. 2023-இல் அரசாங்கமே எச்சரிக்கை விடுத்தது.

வீட்டுத் தயிர் நல்ல ஆகாரம். பெரியோர் மோராக்கித் தாராளமாய்ப் பருகலாம். ஆனால் நேற்றைய உறையில் எவ்வகைக் கிருமி, எத்தனை இருந்தது என்பது எந்தச் சமையலறைக்கும் தெரியாது. கடைகளில் அடுக்கியிருக்கும் புளித்த பால் புட்டிகளை வாங்குவோர், அவ்விரண்டும் அதன்மேல் அச்சிட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டலாம்.