வெட்ஸ்லார் முதலாளியும் எங்கட முதலாளிமாரும்

புலம்பெயர்ந்த எங்கட சனத்தில் இன்று முதலாளிமார் பெருகிவிட்டார்கள். கடை, உணவகம், துப்புரவு நிறுவனம் என்று நாற்பது வருட உழைப்பில் எழும்பி நிற்கிறார்கள். பெருமைதான். ஆனால் ஒரு முதலாளியை நாங்கள் எதை வைத்து அளக்கிறோம்? எத்தனை கிளை, என்ன கார், கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு கொடுத்தார், அவ்வளவுதான். நான் வேறொரு அளவுகோலைச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு, நான் வசிக்கும் ஹெசன் மாநிலத்தில் தொழில் நடத்திய ஒரு ஜேர்மன் முதலாளியின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

பிராங்பேர்ட்டுக்கு வடக்கே, லான் ஆற்றங்கரையில் வெட்ஸ்லார் என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்கே நுணுக்குக்காட்டி செய்யும் தொழிலகம் ஒன்றை 1869 இல் ஏர்ன்ஸ்ட் லைட்ஸ் என்பவர் தன் பொறுப்பில் எடுத்து வளர்த்தார். 1920 இல் அவர் இறக்க, அதே பெயர் கொண்ட மகன் தலைமைக்கு வந்தார். அப்போது மகனுக்கு 49 வயது.

போர் முடிந்து, பணவீக்கத்தில் நாடு தவித்துக்கொண்டிருந்த காலம். அங்கே வேலை செய்த ஓஸ்கார் பார்னாக், கைக்குள் அடங்கும் கமெரா ஒன்றைச் செய்து வைத்திருந்தார். நுணுக்குக்காட்டிக் கொம்பனிக்கு இது எதற்கு என்று கூட இருந்தவர்களில் பலர் தயங்கினார்கள். 1924 இல் லைட்ஸ் துணிந்து முடிவெடுத்தார். 1925 இல் லைப்சிக் சந்தையில் அந்தக் கமெரா வெளிவந்தது. அதுதான் லைக்கா.

இதுவரைக்கும் இது ஒரு வியாபார வெற்றிக் கதை. பெரிய விசயம் இனித்தான் வருகிறது.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களின் வேலை, கடை, குடியுரிமை எல்லாம் ஒவ்வொன்றாகப் பறிபோயின. வெளிநாட்டுக்குத் தப்பிப் போவதென்றால், அங்கே பொறுப்பெடுக்க ஆள் வேண்டும், பிழைக்க வேலை வேண்டும். இந்த இடம் எங்களுக்கு நன்றாக விளங்கும். விசாவுக்கு வரிசையில் நின்ற சனம்தானே நாங்கள்.

லைட்ஸுக்கு நியூயோர்க்கில் கிளை இருந்தது. அவர் யூதப் பிள்ளைகளைத் தொழில் பழகச் சேர்த்தார். யூத ஊழியர்களையும் தெரிந்தவர்களையும் கொம்பனி வேலை என்ற பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். போய் இறங்கியவர்களுக்கு அந்தக் கிளை வேலை தேடிக் கொடுத்தது. வேலை கிடைக்கும்வரை கைச்செலவுக்கும் கொடுத்தது. 1939 இல் போர் தொடங்கி வழி அடைபடும்வரை இது நடந்தது. லைட்ஸின் வில்லைகள் இராணுவத்துக்குத் தேவை, அவரின் ஏற்றுமதி அரசுக்கு அந்நியச் செலாவணி. அந்தத் தேவையைத்தான் அவர் கவசமாக வைத்திருந்தார். ஆனாலும் ஆபத்து வீட்டுக்குள் வந்தது. யூதப் பெண் ஒருவர் சுவிசுக்குத் தப்ப உதவியதற்காக, 1943 இல் மகள் எல்சியைக் கெஸ்டாப்போ பிடித்துச் சிறையில் போட்டது.

லைட்ஸைத் தெய்வமாக்க நான் வரவில்லை. 1942 இல் அவர் நாசிக் கட்சியில் சேர்ந்தார். அவருடைய தொழிற்சாலை போருக்கு உற்பத்தி செய்தது. உக்ரைனிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். இதையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும். ஒரே முதலாளியின் கீழ் ஒருவருக்கு வேலை விடுதலையாகவும், இன்னொருவருக்கு அதே வேலை அடிமைத்தனமாகவும் இருந்திருக்கிறது. முதலாளியின் கையில் இருக்கும் அதிகாரம் அப்படிப்பட்டது.

இனி எங்கட பக்கம் வருவம்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்கட ஆள் ஒருவரின் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பத்து மணித்தியாலம் நின்றால் நாலு மணித்தியாலம்தான் பதிவில் இருக்கும். மிச்சம் கையில் வரும், சில மாதம் அதுவும் வராது. கேட்டால், "உன்னை வைச்சிருக்கிறதே பெரிய உதவி" என்பார். இன்று புதிதாக வரும் பிள்ளைகளுடன் கதைத்தால் அதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

பதியாத மணித்தியாலம் என்றால் காசு மட்டும் போகவில்லை. சம்பளத் துண்டில் இல்லாத வருமானத்தைக் காட்டி மனைவியைக் கூப்பிட ஏலாது. ஓய்வூதியத்திலும் அந்த வருடங்கள் சரியாக ஏறாது. இன்னொன்றும் இருக்கிறது. ஜேர்மனியில் புகலிடம் மறுக்கப்பட்ட ஒருவருக்கு அவுஸ்பில்டுங் ஒப்பந்தம் கிடைத்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், பயிற்சி முடியும்வரை அவரைத் திருப்பி அனுப்புவது நிறுத்தி வைக்கப்படும். முடித்து அந்தத் தொழிலிலேயே வேலை எடுத்தால் 2 வருட வதிவிட அனுமதிக்கு வழி இருக்கிறது. அதாவது, பயிற்சி கொடுக்கத் தகுதியுள்ள ஒரு முதலாளியின் கையெழுத்து ஒரு பிள்ளையை விமானத்தில் ஏற்றாமல் தடுக்கும்.

"வரி, வாடகை, சம்பளம் எல்லாம் கட்டி மிஞ்சுறது என்ன?" என்று கடை நடத்துபவர்கள் கேட்பார்கள். கஷ்டம் உண்மை. ஆனால் லைட்ஸ் தன் அரசாங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவித்தான் உதவ வேண்டியிருந்தது. எங்கட முதலாளிமார் சட்டத்தை மதித்து நடந்தாலே போதும், அதுவே உதவி. நின்ற மணித்தியாலத்தை எழுதுங்கோ, சம்பளத் துண்டைக் கொடுங்கோ, ஏலுமென்றால் ஒரு பிள்ளைக்காவது பயிற்சி இடம் கொடுங்கோ.

இரண்டாம் தலைமுறைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இப்ப வேலைக்கு ஆள் எடுக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறீர்கள். அகதி முகாம் விலாசத்தோடு வரும் விண்ணப்பத்தை ஒதுக்கி வைக்க முதல், உங்கட அப்பாவின் முதல் விலாசம் என்னவென்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.

லைட்ஸ் 1956 இல் இறக்கும்வரை தான் செய்ததைத் தம்பட்டம் அடிக்கவில்லை. குடும்பமும் பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை. 2007 இல்தான் அமெரிக்காவில் யூத அமைப்பு ஒன்று அவருக்கு மறைவுக்குப் பிந்திய விருது வழங்கியது. எங்கட விழா மேடைகளில் பொன்னாடை போர்க்க முதல் ஒரு கேள்வி கேட்போம்: இவரிடம் வேலை செய்த புதுப் பிள்ளைகள் இன்று என்ன நிலையில் இருக்கிறார்கள்?