வீமனைக் கண்டுபிடிச்சது பாண்காரர்

போன ஆடி மாசம் கோயில் திருவிழாவில வெடி கொளுத்தின இரவு எங்கட வீமன் படலையைத் தாண்டி ஓடிப்போட்டான். நாலு நாள் தேடினோம். வட்டுக்கோட்டைச் சந்தியில இருந்து சங்கரத்தை, சித்தன்கேணி எண்டு சைக்கிளில சுத்தாத ஒழுங்கை இல்லை. பேஸ்புக்கில படம் போட்டோம். நிறையப் பேர் பகிர்ந்தார்கள், அதில பாதிப்பேர் ரொறன்ரோவிலையும் லண்டனிலையும் இருக்கிற ஆக்கள். வீமன் அவ்வளவு தூரம் போயிருக்க வாய்ப்பில்லை.

ஐந்தாம் நாள் காலமை, பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில பாண் கொண்டுவாறவர் அம்மாவிட்டச் சொன்னார்: "அக்கா, உங்கட நாய் அராலியில ஒரு வீட்டில கட்டிக்கிடக்கு. என்ர பாட்டைக் கேட்டிட்டு ஒரே குலைப்பு."

போய்ப் பார்த்தால் உண்மைதான். கட்டி வைச்சிருந்தவை கள்ளர் இல்லை. சோறும் மீனும் போட்டு நல்லாத்தான் பார்த்திருக்கினம். "கழுத்தில ஒண்டும் இல்லையே பிள்ளை, ஆற்ற நாயெண்டு எங்களுக்கு என்னெண்டு தெரியும்? வடிவான நாய் எண்டு ஒருத்தர் கேட்டவர், ஞாயிற்றுக்கிழமை குடுக்க இருந்தனாங்கள்" எண்டார் அந்த வீட்டு அம்மா. நாங்கள் போனது வெள்ளிக்கிழமை.

தொலைந்த நாய் களவுபோன நாயாக மாற அந்த இரண்டு நாள் போதும். அதில ஒருவரும் தெரிஞ்சு பிழை விட்டிருக்கத் தேவையில்லை.

விசயம் கேள்விப்பட்டு கனடாவில இருக்கிற மாமி போன் எடுத்தா. "பிள்ளை, நான் எயார்டாக் ஒண்டு அனுப்பிவிடுறன், கழுத்தில கட்டிவிடு. எங்க நிக்குதெண்டு போனில பார்க்கலாம்." கூட்டாளிகளும் இதையே சொன்னார்கள். அல்சேஷன், லாப்ரடோர் வளர்க்கிற பெடியள் சிலர் ஒன்லைனில ஜிபிஎஸ் கழுத்துப்பட்டி வாங்குறது பற்றி இப்ப கதைக்கினம். நானும் வாங்கத்தான் யோசிச்சன். பிறகு இதெல்லாம் எப்பிடி வேலை செய்யுது எண்டு தேடி வாசிச்சன். வாசிச்சதில வந்த கருத்துத்தான் இது.

எயார்டாக் 2021 இல் அப்பிள் வெளியிட்ட ஒரு சின்னத் தகடு. தான் எங்க இருக்கிறன் எண்டு அதுக்கே தெரியாது. புளூடூத்தில ஒரு சைகையை விட்டுக்கொண்டிருக்கும். பக்கத்தால போற ஆற்றயோ ஐபோன் அதைப் பிடிச்சு, "இஞ்ச நிக்குது" எண்டு உரிமையாளருக்குச் சொல்லும். ரொறன்ரோ தெருவில நிமிசத்துக்குப் பத்து ஐபோன் போகும். அராலி வயற்கரையில பின்னேரம் ஆறு மணிக்குப் போறது இரண்டு சைக்கிளும் ஒரு லான்ட்மாஸ்டரும். திறப்பு, பை மாதிரிச் சாமான்களுக்குத்தான் இது, செல்லப்பிராணிக்கு இல்லை எண்டு அப்பிளே சொல்லுது. இன்னொரு கூத்தும் இருக்கு. ஆக்களைக் களவாகப் பின்தொடராமல் இருக்க, தெரியாத எயார்டாக் ஒண்டு கூட வந்தால் அந்த ஆளின்ர போனுக்கு எச்சரிக்கை போகும். நாயைக் களவெடுத்தவனுக்கும் அந்த எச்சரிக்கை வரும்.

உண்மையான ஜிபிஎஸ் பட்டி வேற. செய்மதியில இருந்து தன்ர இடத்தைக் கணிச்சு, உள்ளுக்க இருக்கிற சிம் மூலமாக அனுப்பும். நாய் ஓடின முதல் அரைமணித்தியாலத்தில இதைவிடத் திறமான சாமான் இல்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். ஆனால் மாசாமாசம் டேட்டாக் காசு, சில நாளுக்கு ஒருக்கா சார்ஜ். கள்ளனுக்கு அதைக் கழட்டி மதிலுக்கு மேலால எறிய ஒரு கத்தி போதும். விலை குறைஞ்சதை ஜிபிஎஸ் எண்டு நம்பி வாங்கினால், கனதரம் உள்ளுக்க இருக்கிறது வெறும் புளூடூத்.

மைக்ரோசிப் பற்றித்தான் எல்லாரும் பிழையாக விளங்கி வைச்சிருக்கினம். அரிசி அளவில தோலுக்குக் கீழ ஊசியால போடுற அந்தச் சிப்பில பற்றரி இல்லை, அது எந்த இடத்தையும் காட்டாது. கிட்டக் கொண்டுபோய் ஸ்கானரைப் பிடிச்சால் 15 இலக்கம் ஒண்டு வரும், அவ்வளவுதான். ஆனால் கழட்டி எறிய ஏலாதது அது மட்டும்தான். "இது என்ர நாய்" எண்டு இரண்டு பேர் நிண்டால் தீர்க்கக்கூடியதும் அதுதான். ஒரு நிபந்தனை: அந்த இலக்கம் ஆற்ற பேரில இருக்கெண்டு பார்க்க ஒரு பதிவேடு வேணும், வாசிக்கக் கிட்டடியில ஒரு ஸ்கானர் வேணும். இங்கிலாந்தில 2016 இல் எல்லா நாய்க்கும் சிப் கட்டாயமாச்சு. 2024 இல் நாய், பூனை கடத்தலைத் தனிக் குற்றமாக்கி ஐந்து வருசம் வரை சிறை எண்டு சட்டம் கொண்டுவந்தார்கள். சென்னை மாநகராட்சியும் 2025 இல் வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோட சிப்பைக் கட்டாயமாக்கியது. பதிவேடு இல்லாத ஊரில அந்தச் சிப் தோலுக்குக் கீழ ஒரு அரிசிமணி.

எங்களிட்டப் பதிவு எண்ட யோசனையே இல்லாமலும் இல்லை. நாய்களை உள்ளூராட்சி சபையில பதிய வேணும் எண்ட சட்டம் 1901 இல் இருந்தே இலங்கையில இருக்கு. எங்கட ஒழுங்கையில பதிஞ்ச ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. ஆக்களையும் குறைசொல்ல ஏலாது. பதிவும் விசர்நாய்ச் சட்டமும் பழைய சனத்தின்ர மனசில எந்த நாயைக் கொல்லலாம் எண்டு பிரிக்கிற வேலையாகத்தான் இருந்தது. கட்டாக்காலி நாய்களைக் கொல்லுறதில்லை எண்ட கொள்கை 2006 இல்தான் வந்தது. தொலைஞ்ச நாயைத் திருப்பித் தரத்தான் பதிவு எண்டு ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அதைவிட, நாய் தொலைஞ்சால் தொலைஞ்சதுதான் எண்ட பழக்கம் எங்களிட்ட ஊறிப்போச்சு. 1995 ஒக்டோபர் கடைசியில வலிகாமமே வெளிக்கிட்டபோது, அப்பம்மா தன்ர நாயின்ர சங்கிலியை அவிட்டுவிட்டு, ஒரு சட்டி சோறும் வைச்சிட்டுப் போனவவாம். அடுத்த வருசம் திரும்பி வந்தபோது சட்டி அந்த இடத்திலயே கிடந்ததாம். இதைச் சொல்லும்போது அவ நாயின்ர பேரைச் சொல்லமாட்டா.

இப்ப நிலைமை அப்பிடி இல்லை. சபைகளும் 2025 மே தேர்தலோட திரும்ப வந்திட்டுது. சுழிபுரத்தில இருக்கிற வலிகாமம் மேற்கு பிரதேச சபையிட்ட நான் கேக்கிறது பெரிய திட்டம் இல்லை. விசர்நாய்த் தடுப்பூசி போட ஊருக்க வரும்போது எல்லாரும் நாயைப் பிடிச்சுக்கொண்டு வருகினம்தானே. அந்த வரிசையிலயே ஒரு இலக்கத் தகடு, ஒரு கொப்பி, வீட்டுப் போன் நம்பர். கட்டணமும் வேண்டாம், தண்டமும் வேண்டாம். மிருக வைத்தியரிட்ட ஒரு ஸ்கானர் இருந்தால் சிப் போட்ட நாய்க்கும் பிரயோசனம். இது ஊர் நாய்க்கும் சேர்த்துத்தான். ஜிபிஎஸ் பட்டி எண்டு கதைக்கிறவை எல்லாரும் விலைகூடின நாயைப் பற்றியே கதைக்கினம். வைரவருக்கு ஒழுங்கைக்கு ஒரு கோயில் கட்டின ஊரில, அவற்ற வாகனத்துக்கு ஒரு தகடு குத்த ஏலாதா?

களவைப் பற்றி இன்னொண்டு. களவெடுத்த நாயை வாங்க ஆள் இருக்கிறதாலதான் விக்கிறான். ஆர் குட்டி வாங்கப் போனாலும் தாயைக் காட்டச் சொல்லுங்கோ, தடுப்பூசி அட்டையைக் கேளுங்கோ. வளர்ந்த சாதி நாய் ஒண்டை அரைவிலைக்குத் தாறன் எண்டால், அது ஆற்றயோ வீட்டு வீமன்.

எங்கட வீமனுக்கு அப்பா ஒரு பழைய கரண்டிக் காம்பைத் தட்டையாக்கி, ஆணியால போன் நம்பரைக் குத்திக் கட்டிவிட்டிருக்கிறார். ஒன்பது, ஏழு மாதிரித் தெரியுது, திருப்பிக் குத்த வேணும். மாமியின்ர பார்சலும் போன கிழமை வந்து சேர்ந்தது. எயார்டாக்கை இயக்க ஒரு ஐபோன் வேணுமாம். வீட்டில ஒருத்தரிட்டையும் இல்லை. பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்க இருக்கு. பாண்காரருக்கு வீமன் காலமை ஏழு மணிக்குப் படலையடியில நிக்கிறான், அவரும் ஒவ்வொரு நாளும் ஒரு பணிஸ் எறிஞ்சுபோட்டுத்தான் போறார்.