திரும்பிப் பார்த்தவனின் யாழ்

மூத்த மகள் வேலைக்காக மெல்பர்னுக்குப் புறப்பட்டாள். அதற்கு முதல் நாள் இரவு, பெட்டிகளையெல்லாம் கட்டி முடித்துவிட்டு இருவரும் அடுக்குமாடியின் மொட்டை மாடிக்கு ஏறினோம். சிறு வயதில் அவளுக்கு நான் நட்சத்திரம் காட்டிய அதே இடம்.

மணி ஒன்பது இருக்கும். வடக்கே, பாதி வானத்துக்குச் சற்று மேலே, நீலம் கலந்த வெள்ளையில் ஒரு நட்சத்திரம். கோலாலம்பூரின் விளக்கு வெளிச்சத்தையும் மீறித் தெரிந்தது.

“வேகாதானே அப்பா?” என்றாள். மறக்கவில்லை!

யாழ் என்று நாம் அழைக்கும் லைரா விண்மீன் கூட்டத்தின் தலைவி வேகா. இரவு வானில் ஐந்தாவது பிரகாசமான நட்சத்திரம். சூரியனுக்கு அடுத்து முதன்முதலில் புகைப்படம் எடுக்கப்பட்டதும் இதுதான். 1850இல், அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில். அதன் அருகே நான்கு மங்கலான மீன்கள் சாய்ந்த கட்டம்போல நிற்கும். அதுதான் யாழின் உடல்.

இந்த யாழ் ஓர்ஃபியஸ் என்ற பாடகனுடையது என்கிறது கிரேக்கப் புராணம். மனைவி யூரிடிசி பாம்பு கடித்து இறந்ததும், அவன் பாதாளத்துக்கே போய் யாழ் மீட்டினான். மனமிரங்கிய பாதாள அரசன் ஹேடிஸ், அவளை அழைத்துப்போகச் சொன்னான். ஒரே நிபந்தனை: மேலே போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கக்கூடாது. வாசலை நெருங்கியபோது, பின்னால் வருகிறாளா என்ற சந்தேகத்தில் அவன் திரும்பினான். அவள் மறைந்துபோனாள். அவன் இறந்தபின் அந்த யாழைத் தேவர்கள் வானத்தில் வைத்தார்கள்.

வேகாவிலிருந்து தள்ளி நிற்கும் இரு மீன்களுக்கு நடுவே சிறிய தொலைநோக்கியைத் திருப்பினால், புகை வளையம்போல ஒன்று தெரியும். 1779இல் கண்டறியப்பட்ட வளைய நெபுலா அது. ஆயுள் முடியும் நட்சத்திரம் ஒன்று உதறிவிட்ட வாயுப் போர்வை. சுமார் 500 கோடி ஆண்டுகளில் நம் சூரியனுக்கும் இதே கதிதான். தொலைநோக்கி இல்லையா? வேகாவுக்குப் பக்கத்திலுள்ள எப்சிலான் மீனைப் பைனாகுலரில் பாருங்கள், இரண்டாகப் பிரியும்.

மகளிடம் இன்னொன்றும் சொன்னேன். வேகா 25 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அன்று எங்கள் கண்ணில் பட்ட ஒளி, அவள் பிறந்த ஆண்டு வாக்கில் அங்கிருந்து கிளம்பியது. நட்சத்திரத்தைப் பார்ப்பதே திரும்பிப் பார்ப்பதுதான்.

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, “நாளைக்கு உள்ளே போகும்போது நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்ப்பா. பார்த்தால் அழுதுடுவேன்” என்றாள்.

சொன்னபடியே போனாள். அவள் அம்மாவுக்கு வருத்தம். எனக்குந்தான்.

நான்கு நாள் கழித்துக் கைப்பேசியில் ஒரு செய்தி. “அப்பா, இங்கே வேகா ரொம்பத் தாழ்வாக, வடக்கு அடிவானத்துக்குப் பக்கத்தில் தெரியுது. தேடிக் கண்டுபிடிச்சிட்டேன்.”

மெல்பர்னிலிருந்து வடக்கே பார்த்தால், அது நம் வீட்டுப் பக்கம்.

செப்டம்பர் கடைசிவரை இரவு எட்டரை மணி வாக்கில் வேகா நம் வடவானில் இருக்கும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும்போதே காட்டிவிடுங்கள்.