நாற்காலி கேட்பவள் சோம்பேறி இல்லை

சென்ற இதழில் கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்ற சட்டத்தைச் சாடி எழுதியவர், காலில் நரம்பு புடைப்பது பரம்பரைக் கோளாறு, நிற்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டார். சாட்சிக்கு எங்கள் சாலவாக்கம் பக்கத்து நடவுப் பெண்களை இழுத்திருக்கிறார். நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிறார்களே, அவர்களுக்கு வந்ததா என்று கேட்கிறார். முப்பத்தோரு வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். என் இடது கணுக்காலின் உட்புறம் ஆறிய புண்ணின் கறுத்த தழும்பு இருக்கிறது. அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நடவிலிருந்தே தொடங்குகிறேன். நாற்று நடுகிறவள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. வரிசைக்கு வரிசை பின்வாங்குகிறாள், சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கெண்டைக்கால் தசை இறுகி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது திரும்பி இறங்காதபடி சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நின்றால் இந்தப் பம்பு ஓடாது. அப்போது கணுக்காலில் சிரையின் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடந்தால் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். பிரசவ அறையில் வலியெடுத்தவளின் பக்கத்தில் மணிக்கணக்கில் நின்றவளுக்கும், கல்லாவுக்கு முன்னால் நிறுத்தப்பட்டவளுக்கும் அந்த இறக்கம் கிடைப்பதில்லை. வருஷங்கள் போகப் போக சிரை விரிகிறது, வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் போகின்றன. ரத்தம் தேங்கித் தோல் கறுக்கிறது, அரிக்கிறது. சொறிந்த இடம் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறுவதில்லை.

அதுவும் இருக்கட்டும், நடவுப் பெண்களுக்கு வரவில்லை என்று அவருக்கு யார் சொன்னது? புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டவே கூச்சப்படுகிறவர்கள் அவர்கள். "நரம்பு சுருட்டிக்கிச்சும்மா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். நம் பேச்சில் சிரையும் நரம்புதான். அதனாலேயே மருந்துக் கடையில் நரம்பு மாத்திரை வாங்கித் தின்று காலத்தைத் தொலைத்தார்கள்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு, பிள்ளைப்பேற்றுக்கும் உண்டு. ஆனால் டென்மார்க்கில் வேலைக்குப் போகிறவர்களை 12 ஆண்டுகள் கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வேலை நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் நின்றும் நடந்தும் கழித்த பெண்கள், இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு. தாயிடமிருந்து பலவீனமான வால்வு வந்தது என்றால், அவளுக்குத்தான் முதலில் நாற்காலி போட வேண்டும். அவர் அதையே நாற்காலியை மறுக்கக் காரணமாக்குகிறார். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

நாற்காலி போட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது நூறு வருஷத்துக்கு மேல் பழைய பயம். பிரிட்டனில் 1899லேயே மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 44ஆம் பிரிவில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று சொன்னது. கடைப் பெண்களுக்குத்தான் வாசல் திறக்கவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜியும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும் ஆண்டுக்கணக்கில் போராடி 2018இல் கேரளத்தில் அதைப் பெற்றார்கள். தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது. இதனால் எந்த ஜவுளிக்கடை மூடியது? ஒன்றையாவது அவர் காட்டியிருக்கலாம்.

இறுக்கமான காலுறை போட்டுக்கொள்ளட்டும் என்கிறார். நான் போட்டிருக்கிறேன், சித்திரை வெயிலிலும் போட்டிருக்கிறேன். வீக்கம் குறையும். அது நோய் வந்தவளுக்கு வைத்தியம். நாற்காலி வராமல் காக்கும் வழி.

சட்டத்தில் குறை கண்டுபிடிக்க விரும்பியவர் உண்மையான குறையைத் தொடவே இல்லை. அரசு நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று ஷிஃப்டுக்கும் மூன்றே நர்ஸ்கள். ராத்திரியில் பிரசவம் பார்ப்பதும் ஊசி போடுவதும் பதிவேடு எழுதுவதும் ஒருத்திதான். அவள் உட்கார்வதற்கு எந்தப் பிரிவும் இல்லை. பிரசவ மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முக்காலி போட இடம் இருக்கிறது. நான் வேலை பார்த்த அறைகளில் கையால் சாண் போட்டு அளந்திருக்கிறேன்.